கியர் அண்ணாச்சி

"நாளைக்கு ஏத்தம் ஏறப் போறேன்" என்று கியர் அண்ணாச்சி டீக்கடையில் அறிவித்தபோது, பெஞ்சிலிருந்த தாத்தாவுக்குக் கிணற்று ஏற்றம்தான் ஞாபகம் வந்தது. "எந்தக் கெணத்துலவே தண்ணி கெடக்கு?" என்றார். அவர்மேல் தப்பில்லை. திருவேங்கடத்தைச் சுற்றிலும் தட்டையான கரிசல். வேகத்தடையை விட்டால் சைக்கிள் ஏற ஊரில் வேறு மேடு ஏது?

சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் "நடங்க" என்றுதான் சொன்னார். நடக்கிறவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அண்ணாச்சி கியர் சைக்கிள் எடுத்துவிட்டார். கூடவே பின்பக்கம் பஞ்சு வைத்த கால்சட்டை. அதைப் போட்டுக்கொண்டு முதல் தடவை கடைத்தெருவில் நடந்தபோது, அவர் வீட்டு மதினி ஒரு வாரம் கோயிலுக்குப் போகவில்லை.

போக வேண்டிய இடம் எப்போதும் ஆரியங்காவுதான். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, அப்புறம் புளியரை எஸ் வளைவு. "எத்தனை ஜில்லா தாண்டுவீரு?" என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகும், திருவேங்கடத்திலிருந்து கேரள எல்லை வரைக்கும் ஒரே மாவட்டம்தான்.

போன ஆனியில், பம்பும் பஞ்சர் சாமானும் தூக்கிக்கொண்டு டூவீலரில் நானும் பின்னால் போனேன். அதிகாலை மூன்று மணி. தொடையில் தேங்காயெண்ணெய் தேய்த்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. "ப்ரெவேன்னா நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200 கிலோமீட்டர் ப்ரெவே போனா பதிமூன்றரை மணி நேரத்துல முடிக்கணும் தம்பி. உலகம் பூரா இதான் கணக்கு."

"முதல்ல வந்தா என்ன தருவாக?"

"அதுல முதல், ரெண்டாவதுன்னே கெடையாது. நாமதான் பணம் கட்டணும்."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மலை வருவதற்கு முன்பே காற்று வந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து நம் பக்கம் பாயும். சும்மாவா அந்தப் பக்கத்தில் அத்தனை காற்றாலை நிற்கிறது? காற்றாலை ஒவ்வொன்றும் அண்ணாச்சியைப் பார்த்துக் கையை ஆட்டியது. அண்ணாச்சி ஆட்டோ வேகத்திலிருந்து மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கினார்.

எஸ் வளைவில் சின்னப் பல்லுக்குச் சங்கிலியை மாற்றினார். கால் தையல் மிஷின் மாதிரி சுற்றியது; சைக்கிள் நகர்ந்ததாகத் தெரியவில்லை. கேரளாவுக்குப் போகும் வைக்கோல் லாரி ஒன்று உறுமிக்கொண்டே முந்தியது. போகிற போக்கில் அவர் ஹெல்மெட்டில் ஒரு பிடி வைக்கோலைச் செருகிவிட்டுப் போனது. எல்லையிலிருக்கும் கோட்டைவாசலில் போட்டோ எடுத்தபோதும் அது கிரீடம் போல நின்றது. எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

அண்ணாச்சி எடையில் ரொம்பக் கறார். தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பியில் நாற்பது கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழித்தவர். திரும்பும்போது பார்டரில் எட்டு புரோட்டாவும் நாட்டுக்கோழியும் உள்ளே போயின. அதற்குத் தராசு இல்லை.

திரும்பும் வழியில் காற்று முதுகைத் தள்ளியது. "பாத்தியா, என் ஸ்பீடை!" என்றார். பருவக்காற்று மறுத்துப் பேசவில்லை. வழியெல்லாம் எதிர்ப்பட்ட இருபது கிலோ எடையுள்ள பழைய ஹெர்குலிஸ் சைக்கிள்காரர்கள், கேரியரில் புல்லுக்கட்டும் காலில் ரப்பர் செருப்புமாக, அவரைப் பார்த்து "ஒதுங்குங்க சார்" என்று மணியடித்தார்கள்.

இருட்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. சைக்கிளைச் சாத்துவார் என்று டீ சொன்னேன். அவர் மீட்டரைப் பார்த்தார், முகம் வாடியது. மறுபடியும் ஏறி, பஸ் ஸ்டாண்டைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று.

பெஞ்சுத் தாத்தா எழுந்தே விட்டார். "ஏய்யா, எதைத் தொலைச்சுட்டுத் தேடுதீரு?"

"மூணு கிலோமீட்டரு தாத்தா!"