பாய் வீட்டுக் கஞ்சி

கேள்வி: அடுத்த வீட்டு பாய் ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார். எங்களை மதம் மாற்றும் திட்டமோ?

பதில்: அப்படியென்றால் அது படுதோல்வி அடைந்த திட்டம்! பள்ளிவாசலில் தூக்குவாளியோடு நின்று கஞ்சி வாங்கிப் போகும் இந்துப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்கள் யாரும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதை நிறுத்தியதாகத் தகவல் இல்லை. மாறுவதெல்லாம் அன்றைய சாயங்கால பஜ்ஜிதான்.

பாய் செய்வது அவருடைய மார்க்கக் கடமை. குழம்பு வைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டையும் கவனிக்கும்படி நபிகள் நாயகம் தம் தோழர் அபூதர்ரிடம் சொன்னதாக ‘ஸஹீஹ் முஸ்லிம்’ ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ருசி குறைந்தாலும் பங்கு குறையக் கூடாது என்ற கணக்கு. (சமையல் நிபுணர்கள் ஆட்சேபிக்கலாம்.) இரண்டு அண்டை வீடுகளில் எதற்குக் கொடுப்பது என்று நபிகளின் துணைவியார் ஆயிஷா நாயகி கேட்டபோது, எந்த வீட்டு வாசல் அருகில் இருக்கிறதோ அதற்கு என்றார் நபிகள்.

அண்டை வீட்டார் வேறு மதத்தவரானாலும் இதே கணக்குதான். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் வீட்டில் ஒருநாள் ஆடு அறுத்தார்கள். வந்ததும் வராததுமாக அவர் விசாரித்தது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான். ஒருமுறை கேட்டு மனம் ஆறாமல் மறுபடியும் கேட்டாராம். ‘திர்மிதி’ ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது.

ஆகவே சந்தேகத்தை விட்டுவிட்டுக் கஞ்சியைச் சூடாகக் குடியுங்கள். வரும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். சாமிக்குப் படைக்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டால் அவரும் தயங்காமல் சாப்பிடுவார்.