பிரீமியர் டிரம்ஸும் பம்பைத் தோலும்

1980-களில் வாழப்பாடிப் பக்கம் மாரியம்மன் பண்டிகை என்றால் இரண்டு விதமான தாளம் கேட்கும். கோயில் வாசலில் பம்பையும் பறையும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பந்தல் மேடையில் டிரம் செட். பம்பை முழங்காமல் கரகம் கிளம்பாது. டிரம்ஸ் அடங்காமல் சனம் வீட்டுக்குக் கிளம்பாது. ஆனால் இரண்டுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றல்ல. டிரம்ஸ் வாசிப்பவருக்கு மேடையில் நாற்காலி, சோடா, இடைவேளையில் பொன்னாடை. பம்பைக்காரர் தரையில் நின்று வாசித்து, தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார். தாத்தா வயதில் இருந்தவரைக்கூடப் பொடியன்கள் ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டார்கள். பண்டிகை நோட்டீஸில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், டிரம்ஸ்காரர் பெயர் அதற்குக் கீழே. பம்பைக்கு ‘மேளவாத்தியம் முழங்க’ என்று ஒரு வரி மட்டும். வாசித்தவருக்குப் பெயர் கிடையாது.

எங்கள் பக்கத்து ஆர்கெஸ்ட்ராவின் பெருமையே அதன் டிரம் செட்தான். இங்கிலாந்தில் செய்த பிரீமியர். சென்னையில் ஸ்டூடியோவில் வாசித்த ஒருவரிடமிருந்து வாங்கியது என்று ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் சொல்வார். பிரீமியர் 1922-ல் லண்டனில் தொடங்கிய கம்பெனி; போர்க்காலத்தில் குண்டு விழுந்த பிறகு லெஸ்டர் பக்கம் போனது. பீட்டில்ஸ் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் 1963-ல் லட்விக் செட் வாங்குவதற்கு முன்பு வாசித்தது பிரீமியர்தான். இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. இளையராஜா பாட்டில் டிரம்ஸ்காரர் புருஷோத்தமன் போட்ட உருட்டல் எங்கள் மேடையிலும் பிசகாமல் விழ வேண்டும், அவ்வளவுதான். விழுந்தால் விசில் பறக்கும்.

பிறகு அந்தச் சத்தம் மேடையைவிட்டு இறங்கியது. ரோலண்ட் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ஆக்டோபேட் மெல்ல எங்கள் ஊர் வரை வந்தது. எட்டுக் கட்டம் உள்ள ஒரு பெட்டி, இரண்டு குச்சி. பின்னால் வந்த மாடல்களில் தபேலா, டிரம்ஸ் சத்தமெல்லாம் அதற்குள்ளேயே. டெம்போ வைத்து ஏற்றிய சாமான் ஒரு பைக்குள் அடங்கியது. வயிற்றுப்பாட்டுக்கு வாசித்தவர்கள் அதை வாங்கியதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பிரீமியர் மட்டும் பேளூர் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு சேகோ ஆலையின் பரணுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாஸ்டர் காலமான பிறகு அவருடைய மகன் ஆலையைக் காலி செய்யும்போது பழைய இரும்புக்காரர் அதைக் கிலோ கணக்கில் கேட்டிருக்கிறார். விஷயம் காதில் விழுந்ததும் ஓடினேன். “அப்பா ஞாபகமா இருக்கட்டும்னுதான் வெச்சிருந்தேன். வாசிக்கறதா இருந்தா எடுத்துக்கங்கண்ணா” என்றார். அலமாரியில் வைக்கிறவனுக்குத் தர அவருக்கு மனம் இல்லை. எனக்கும் அந்த எண்ணம் இல்லை.

இருபது அங்குலப் பேஸ் டிரம், பன்னிரண்டும் பதினாறும் டாம், பதினாலு அங்குல ஸ்னேர். உள்ளே பீச் மர வளையம் கொடுத்து ஒட்டிய பிர்ச் மரக் கூடு. ஒரு டாமின் வளையத்தைக் கரையான் அரித்திருந்தது. குரோம் முழுக்கத் துருப்புள்ளி. தலைத்தோல் ஒன்றுகூடத் தேறவில்லை.

டிரம்மின் குரல் அதன் விளிம்பில் இருக்கிறது. தோல் வந்து உட்காரும் அந்த மர விளிம்பு ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் சுருதி நிற்காது. அதைச் சோதிக்க வெளிநாட்டில் வழவழப்பான கல் மேடை வாங்குகிறார்கள். சேலம் ஜில்லாவில் கல்லுக்கா பஞ்சம்? சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் பலகை ஒன்றைக் கடையில் சும்மாவே தந்தார்கள். மர ஆசாரி அதன்மேல் கூட்டைக் கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச்சைப் போட்டு, தன் பட்டறை விளக்கை அணைத்தார். கல்லும் மரமும் சேரும் இடத்தில் இரண்டு பக்கம் வெளிச்சம் கசிந்தது. அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு, கல்மேல் உப்புத்தாளை ஒட்டி, கூட்டை இரண்டு கையாலும் வட்டமாகச் சுழற்றித் தேய்த்தார். நாலு சுற்று, ஒரு பார்வை. மறுபடி நாலு சுற்று. வெளிச்சம் முழுக்க அடைபட்டதும்தான் நிமிர்ந்தார். அரித்த வளையத்துக்கு வைரம் பாய்ந்த மரத்தைச் சீவி ஒட்டு கொடுத்தார்.

குரோம் சாமானைச் செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துப் போனேன். கொலுசுக்குப் பேர்போன ஊரில் மெருகு போடத் தெரிந்த கைக்குக் குறைவில்லை. அந்தப் பட்டறைக்காரர் வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது வெள்ளி இல்ல, மேல முலாம். சக்கரத்துல புடிச்சா உரிஞ்சு போயிரும்” என்று திருப்பிக் கொடுத்தார். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துக் கையால் தேய்க்கச் சொல்லி, ஒரு மூலையில் தானே செய்தும் காட்டினார். துரு போனது, முலாம் நின்றது. தொலைந்துபோன திருகுகளை லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்தோம்.

மிஞ்சியது தோல். 1957-ல் ரெமோ பெல்லி அமெரிக்காவில் தன் கம்பெனியைத் தொடங்கி மைலர் என்ற பிளாஸ்டிக் படலத்தில் டிரம் தலை விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு உலகம் முழுக்க டிரம்ஸுக்குப் பெரும்பாலும் கன்றுத்தோல்தான். ஈரக்காற்று பட்டால் தொய்யும். அந்தக் காலத்து மேற்கத்திய டிரம்ஸ்காரர்கள் பேஸ் டிரம்முக்குள்ளே மின்விளக்கு எரியவிட்டுச் சூடேற்றினார்கள். எங்கள் பறைக்காரர்கள் வைக்கோல் தீயில் காட்டுவதும் இதற்காகத்தான். பிளாஸ்டிக் வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது. ஆனால் 1960-களின் பிற்பகுதி வரை பிரீமியர் செய்த டாம்களின் விட்டம் இன்றைய பொது அளவைவிடக் கொஞ்சம் பெரியது. கடையில் வாங்கிய புதுத் தலை விளிம்பில் உட்காரவே இல்லை.

அப்போதுதான் பம்பை கட்டுகிற பெரியவரைத் தேடிப் போனேன். “அண்ணா, இங்கிலீஷ் டிரம்முக்குத் தோல் போட முடியுங்களா?” என்று கேட்டதும் கூட்டை மடியில் வைத்து விரலால் சுண்டிப் பார்த்தார். “மரம் பேசுது தம்பி. தோல் கெடச்சாப் போதும்” என்றார்.

ராத்திரி முழுக்க ஊறிய ஆட்டுத்தோலை விரித்து, மயிர் போகச் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பு ஓடிய கோடு டிரம்மின் நடுவில் வரும்படி திருப்பி வைத்தார். கனம் இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டுமாம். பட்டறையில் வளைத்து வந்த கம்பி வளையத்தின்மேல் ஈரத்தோலைப் போர்த்தி, ஓரத்தை ஒரு மழுங்கிய கரண்டிக் காம்பால் உள்ளே செருகிக்கொண்டே சுற்றி வந்தார். இழுக்கவே இல்லை. “இப்ப இழுத்தாக் காயறப்பக் கிழியும். அதுவா இறுகட்டும்” என்றார். கூட்டில் மாட்டி, திருகைப் பேருக்குத் திருகி, நிழலில் காயவிட்டார். பேஸ் டிரம்முக்கு மாட்டுத்தோல்.

திருகு வைத்த வாத்தியம் அவருக்குப் புதிதும் அல்ல. தவிலுக்குத் தோல் வார் போய் நட்டு போல்ட் வந்ததைப் பார்த்தவர், அதையும் பிரித்துக் கட்டியவர். நாங்கள் மேடையில் வைத்துக் கொண்டாடிய சீமை டிரம்ஸும், தரையில் நிறுத்திய பம்பையும் அவர் கைக்கு ஒரே வேலை: மரம், தோல், இழுவை. ஊர்தான் இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தது. பிளாஸ்டிக் தலை பூட்டிய டிரம்ஸில் தோல் வாடை இல்லாததும் அதற்கு வசதியாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறை இசைக்காக 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நகரங்களில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பறை பழகுகிறார்கள், பெண்கள் உட்பட. ஆனால் அந்தப் பறைக்குத் தோல் பதப்படுத்துகிற கை இன்னும் கூலிக்குப் பேரம் பேசப்படுகிற கையாகவே இருக்கிறது. வாசிப்பவர் மேடை ஏறிவிட்டார், கட்டுபவர் ஏறவில்லை.

பிரீமியர் இப்போது வாரக்கடைசியில் எங்கள் வீட்டு மாடியில் பையன்கள் கையில் இருக்கிறது. மைலரின் வெட்டு இதில் இல்லை. சத்தம் குட்டையாக, உருண்டு, வயிற்றில் விழுகிறது. மார்கழிப் பனியில் தொய்ந்தால் வெயிலில் வைத்து மீட்கக் கற்றுக்கொண்டார்கள். பழைய செட் யார் வீட்டிலாவது இருந்தால் இரும்புக்குப் போடாதீர்கள். விளிம்பு கோணாமல் இருந்தால் மற்றதை எல்லாம் சரிசெய்ய சேலம் சுற்றுவட்டாரத்தில் ஆள் உண்டு. சொன்ன கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

இந்த ஆண்டு ஆடிப் பண்டிகைக்குப் பையன்கள் வாசிக்கப் போகிறார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் நான் கமிட்டியிடம் கேட்டது ஒன்றுதான்: டிரம்ஸ் வாசிப்பவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தோல் கட்டியவர் பெயரும் வர வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். பம்பை வாசிப்பவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.