வேட்டி ஏன் சாம்பலாச்சு?

கேள்வி: அப்பா காலத்து லைட் மீட்டரை மாப்பிள்ளையின் வேட்டிக்குக் கிட்டே நீட்டி, அது சொன்னபடியே ஃபிலிமில் எடுத்தேன். வெள்ளை வேட்டி சாம்பல் பூசிக்கொண்டு வந்திருக்கிறது. மீட்டர் பழுதா, ஐயா?
(வாசகர், தெலுக் பங்லிமா காராங்)

பதில்: பழுதில்லை, கொள்கைப் பிடிப்புள்ள மீட்டர். பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் கருவிக்கு எதிரே இருப்பது வேட்டியா, கேரித் தீவின் செம்பனை நிழலா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். (அந்தச் சாம்பல் திருப்பித் தருவது 18 விழுக்காடு ஒளியா, 12-ஆ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வித்தியாசம் அரை ஸ்டாப்தான்; ஒளி இரட்டித்தால் ஒரு ஸ்டாப். அதற்காகக் கல்யாணம் நிற்காது.) வெள்ளை வேட்டியோ 90 விழுக்காட்டுக்குப் பக்கமாகத் திருப்பி அனுப்பும், சாம்பலைப் போல் ஐந்து மடங்கு. வெளிச்சம் கூடிவிட்டது என்று நம்பி, 1/125 வைக்க வேண்டிய இடத்தில் 1/500-ஐத் தாண்டச் சொல்லியிருக்கும். மணப்பெண்ணின் கூந்தலைக் காட்டியிருந்தால் நேர்மாறு: கூந்தல் நரைத்து, முகம் வெளிறி, மாமியாருக்குச் சந்தேகம். ஆக, மீட்டர் பாதிக் கணக்குத்தான் போடும். காட்டிய பொருள் சாம்பலைவிட எத்தனை ஸ்டாப் வெளுப்பு என்ற மீதி உங்கள் பொறுப்பு. வேட்டியை அளந்தால் இரண்டு ஸ்டாப் திறந்துவிடுங்கள். அதைவிட நல்லது உள்ளங்கை. முகநிறம் ஆளுக்கு ஆள் மாறும் அளவுக்கு அது மாறுவதில்லை. மாப்பிள்ளைமேல் விழும் அதே வெளிச்சத்தில் கையை விரித்து, மீட்டரின் நிழல் விழாமல் அளந்து, ஒரு ஸ்டாப் திறந்தால் கருநிறமும் மாநிறமும் உள்ளபடி வரும்.

கேள்வி: இவ்வளவு வம்பு எதற்கு? வெள்ளைக் குமிழை மாட்டி, விழும் ஒளியையே அளந்துவிடலாமே?

பதில்: மணமேடைக்கு அதுதான் சுருக்கு வழி, மறுக்க மாட்டேன். ஆனால் குமிழோடு நீங்களும் அந்த வெளிச்சத்தில் போய் நிற்க வேண்டும். பத்துமலையில் 272 படி ஏறிக் குகைக்குள் நின்றால், மேல் திறப்பு வழியே இறங்கும் வெயில் கைக்கு எட்டாத பாறையில் விழுகிறது. குமிழ் உங்கள் காலடி இருட்டைத்தான் அளக்கும். ஒரு டிகிரி மட்டுமே பார்க்கும் ஸ்பாட் மீட்டர் நின்ற இடத்திலிருந்தே பாறையைப் படித்துவிடும். குத்துவிளக்குச் சுடர் தானே ஒளிர்வது, அதன்மேல் விழுவதை அளந்து என்ன பயன்? நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே எத்தனை ஸ்டாப் இடைவெளி, ஃபிலிம் அதைத் தாங்குமா என்று தெரியவும் இரண்டையும் தனித்தனியே படித்தாக வேண்டும். 1940-ஐ ஒட்டி ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறை நிற்பதே இந்தத் திரும்பும் ஒளியின்மேல்தான்.

கேள்வி: கைப்பேசியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே?

பதில்: அதற்குள் உட்கார்ந்திருப்பதும் திரும்பும் ஒளியை அளக்கும் அதே ஆசாமிதான்; முகத்தை அடையாளம் கண்டு ஊகிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. மண்டபத்து எல்.இ.டி. திரைக்கு முன்னால் மாப்பிள்ளையை நிறுத்துங்கள், முகம் இருண்டுபோக வாய்ப்புண்டு. அப்போது முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை மேலே தள்ளுகிறீர்களே, ஸ்டாப் திறப்பது என்பது அதுதான்.