வகை மாறினும் பிணம் மாறாமை: காலக்கெடுப் புனைகதைப் போட்டிகள் குறித்த ஓர் ஆய்வு

எழுத்தாளர் தமக்குக் கைவந்ததை எழுதிவிடாதபடி தடுக்க மனித இனம் கண்ட ஏற்பாடுகளுள் காலக்கெடுப் புனைகதைப் போட்டி தலையாயது. 2002இல் நியூயார்க்கில் தொடங்கிய என்.ஒய்.சி. மிட்நைட் அமைப்பின் குறுங்கதைப் போட்டியில், பங்கேற்போரைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கதைவகை, ஓர் இடம், ஒரு பொருள் என மூன்றை வெள்ளிக்கிழமை இரவு 11.59க்கு அறிவிப்பர், அவற்றைக் கொண்டு 48 மணி நேரத்துக்குள் 1,000 சொற்களுக்கு மேற்படாத கதையொன்றை அனுப்ப வேண்டும். இடத்தையும் பொருளையும் எப்படியேனும் கதைக்குள் நுழைத்துவிடலாம். ஆளை வீழ்த்துவது கதைவகையே.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டும், வரிசை மாறினும் குறைவின்றி, இவ்விரு நாளில் தோன்றுகின்றன. ஒதுக்கப்பட்ட வகையைக் கண்டதும் மருட்கை என்னும் வியப்பும், அதை ஒதுக்கியவர்மீது வெகுளியும், முதல் வரைவைப் படித்ததும் இளிவரல் என்னும் தன்னிழிவும், 1,400 சொற்களை 1,000 ஆக்குகையில் அழுகையும், கெடு நெருங்குகையில் அச்சமும், அனுப்பியதும் பெருமிதமும் உவகையும் முறையே எழ, எஞ்சிய நகை நடுவருக்கு உரியதாகிறது. கதை துன்பியலாக இருப்பினும் இதில் மாற்றமில்லை.

பழகிய களத்தை விட்டு வெளியேறுவோர் அக்களத்தையும் உடன் எடுத்துச் செல்வர் என்பது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பாகும். துப்பறியும் கதை எழுதுவோருக்குக் காதல் நகைச்சுவை வாய்த்தால் மூன்றாம் பத்திக்குள் மணமகளின் தாய்மாமன் மாண்டு கிடப்பார். காதல் கதை எழுதுவோருக்குத் திகில் வாய்த்தால் பேய் வெட்கப்படும். நேரம் குறையக் குறையக் கை தான் அறிந்த வழிக்கே திரும்பும் இவ்வியல்பை ‘வகை மாறினும் பிணம் மாறாமை’ எனலாம்.

இவ்விதியை முறியடிப்பது எழுத்தாளரின் துணிவு என்று கருதுவோர் உளர். உண்மையில் அதை முறியடிப்பது சொல் வரம்பே. ஞாயிறு இரவு பத்து மணிக்கு 400 சொற்களைக் குறைத்தே தீர வேண்டிய துப்பறியும் எழுத்தாளர், முதலில் காவல் ஆய்வாளரையும், பின் கைரேகையையும், இறுதியில் மனமின்றித் தாய்மாமனையும் நீக்குகிறார்; அப்போது, முன்பு சாட்சிகளாக மட்டுமே இருந்த இருவர், விசாரிக்க எவருமில்லாமையால், ஒருவரோடொருவர் பேசத் தொடங்குகின்றனர். அமைப்பாளர் கேட்ட காதல் நகைச்சுவை அதுவே.