பெஞ்சில் உட்காரவைத்த பெருந்தகையே

கூலிக் கணக்கு மென்பொருளே, உன்னைப் புகழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தாராசுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக் கல்லாவுக்கு அருகில் வீற்றிருக்கிறாய். சனிக்கிழமை மாலை, நெய்த சேலையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நெசவாளர்கள் வருகிறார்கள். நீ கணக்கைத் திறந்து தரும்வரை பெஞ்சில் உட்காருகிறார்கள். வாரமெல்லாம் குழித்தறியில் குனிந்து கிடப்பவர்களுக்கு முதுகு நிமிர்த்த இடம் கொடுத்தவன் நீதான். அந்த நேரம் வீட்டில் தறி சும்மா நிற்கிறது. தறி நின்றால் கூலியும் நிற்கும். உபசாரம் என்று இறங்கிவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

“ஆச்சா தம்பி?”

“இன்னும் சுத்துதுண்ணே.”

உன் உழைப்பை என்னவென்று சொல்வது! உன்னைத் திறந்து பார்த்த அன்றுதான் அது எனக்கு விளங்கியது. பேரேட்டில் 3,000 சேலைகள். ஒவ்வொரு சேலை எண்ணுக்கும் முதல் வரியிலிருந்து படிக்கிறாய். எண் அகப்பட்டதும் நிறுத்துகிறாய். அடுத்த எண்ணுக்கு மறுபடி முதல் வரி. எல்லாவற்றையும் கூட்டினால் 45 லட்சம் வரிகளுக்கு மேல். எண்களை வரிசைப்படுத்தி, பாதி பாதியாக ஒதுக்கித் தேடினால் சேலைக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும், மொத்தம் 36,000. அந்தக் குறுக்குவழியில் நீ கால் வைக்கவே இல்லை.

இத்தனைக்கும் உன் குலம் பெரியது. தறிக்கு மேலே ஜக்காடு பெட்டியில் தொங்குகிறதே துளையிட்ட அட்டைக் கோவை, அதுதான் உன் பாட்டன். 1804இல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார் அமைத்த அந்த ஏற்பாட்டிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்துக்கு அட்டையை எடுத்துக்கொண்டார். தறியில் ஒரு ஊடை ஓடியதும் அடுத்த அட்டை தானாக வந்து நிற்கும். ஒவ்வொரு ஊடைக்கும் முதல் அட்டையிலிருந்து கோவையைச் சுற்றவைத்தால் முந்தானைப் பூ எந்த ஜென்மத்தில் முடியும்? பாட்டனுக்குத் தெரியாத அந்த வித்தையை நீயாகவே கற்றிருக்கிறாய்.

கணினி வியாபாரிகளுக்கு நீ காமதேனு. நீ தாமதித்ததும் முதலாளி புதுப் பெட்டி வாங்கினார், நினைவகத்தையும் இரட்டிப்பாக்கினார். நீ நிலை குலையவில்லை. வன்பொருள் விரைவாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995இல் வருந்தி எழுதினார். அவர் எழுத்து பொய்க்காமல் காப்பவன் நீ. 1969இல் நிலவில் மனிதன் இறங்கத் துணைநின்ற கணினிக்கு மாற்றி எழுதக்கூடிய நினைவகம் சுமார் 4 கிலோபைட்தான். நகமளவு சேலைப் படம் ஒன்றைக் காட்டவே உனக்கு அதுபோல ஆயிரம் மடங்கு வேண்டியிருக்கிறது. முழுப் படத்தையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் சுருக்குகிறாய். உன் ஊர் ஐராவதேசுவரர் கோயிலில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையைக் கொடுத்து இரண்டு உடலையும் நிறைவாக்கினான் ஒரு சிற்பி. இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கல்லில் இருக்கும் அந்தச் சிக்கனம் உன்னைத் தொடவில்லை.

எல்லாவற்றிலும் பெரிது உன் அடக்கம். நேரம் எங்கே போகிறது என்று நீ ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்தோம்: அச்சுப்பொறி, இணையம், மின்சாரம். நானும் அச்சுப்பொறியைத்தான் சந்தேகித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். பிறகுதான் உன் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரம் வைத்தேன். அச்சுக்குப் போனது சொற்பம். நேரத்தை விழுங்கியது அந்த 45 லட்சம் வரிப் பயணம். மொத்த நேரத்தில் 5 விழுக்காடு பிடிக்கும் வேலையை எவ்வளவு முடுக்கினாலும் மிச்சமாவது அந்த 5தான். 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான். அளந்து பார்க்காமல் கைவைத்தது என் பிழை. எங்களை அளக்கவிடாமல் இத்தனை நாள் காத்தது உன் சாமர்த்தியம்.

வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றை உனக்குள் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பெரியவர் சேலையைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் பெஞ்சுக்கு நகர்ந்தார். அவர் உட்காரும் முன்பே சீட்டு வந்துவிட்டது. வாங்கிப் பார்த்தவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“அதுக்குள்ளயா? கணக்கைச் சரியாப் பாத்துச்சா தம்பி? இன்னொரு தடவை போட்டுப் பாரு.”

அத்தனை ஆண்டுகளில் நீ அவரிடம் சம்பாதித்து வைத்திருந்த மரியாதை அது.