தட்டியல்: ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் அதன் வாலும்

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு வால் உண்டு. இதை மறுப்பார் இல்லை; கவனிப்பாரும் இல்லை. ‘தி நியூஸ்’ என்று ஒருவர் வாயெடுத்தால் அது அங்கே நிற்காது. ‘தி நியூஸ் தட் ப்ரைசஸ் வில் ரைஸ்’ என்று நீளும். விலைவாசி ஏறப்போகிறது என்ற முழு வாக்கியமும் ஒற்றைப் பெயருக்குப் பின்னால் தொங்கும். தமிழில் இதே சமாசாரம் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. நாம் சேதியைச் சொல்லி முடித்த பிறகுதான் அது செய்தி என்கிறோம். ஆங்கிலேயர் செய்தி என்று முதலில் அறிவித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சேதிக்கு வருகிறார்.

அந்தச் செருமலின் பெயர் ‘தட்’. பெயருக்கும் வாலுக்கும் நடுவே நிற்கும் இத்தகைய சொற்களை ஆராயும் துறைக்குத் ‘தட்டியல்’ எனப் பெயரிடுகிறேன். ‘விச்’, ‘ஒய்’, ‘பிகாஸ்’ முதலியனவும் இதில் அடங்கும். துறைப்பெயரில் ‘தட்’ மட்டும் நின்றது தலைமை பற்றி என்க. அன்றாடப் பேச்சே இவ்வாய்வின் எல்லை. சட்ட ஆவணங்கள் விலக்கப்பட்டுள்ளன. அங்கே வாலுக்கு வால் முளைக்கும் என்பதால் உள்ளே போன ஆய்வாளர் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை.

வால் இருவகைப்படும். ஒன்று அடையாள வால். ‘தி ரூமர் தட் ஹி ஸ்ப்ரெட்’ என்றால் அவன் பரப்பிய வதந்தி. எந்த வதந்தி என்று வால் அடையாளம் காட்டுகிறது. வதந்தியில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. மற்றது உள்ளடக்க வால். ‘தி ரூமர் தட் ஹி ரிசைண்ட்’ என்றால் அவன் ராஜினாமா செய்துவிட்டான் என்ற வதந்தி. இங்கே வதந்தியே வாலுக்குள் இருக்கிறது. இரண்டிலும் நடுவில் நிற்பது அதே ‘தட்’, அதே உச்சரிப்பு, அதே அப்பாவி முகம். வேறுபாடு அறிய ஒரு சோதனை உண்டு. ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’சைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதலாவதில் ‘விச்’ சௌகரியமாக உட்காரும். இரண்டாவதில் உட்கார்ந்தால் வாக்கியம் இடிந்து விழும்.

‘எல்லாப் பெயர்க்கும் இருவகை வாலும் உண்டோ?’ எனின், இல்லை. மேசைக்கு அடையாள வால் மட்டுமே: நான் வாங்கிய மேசை, கால் உடைந்த மேசை. மேசைக்குள் வாக்கியம் கிடையாது. பூனையும் அப்படியே, அது எதையும் வலியுறுத்துவதில்லை. ‘ஃபேக்ட்’, ‘ஹோப்’, ‘ஃபியர்’, ‘க்ளெய்ம்’, ‘சான்ஸ்’ போன்றவற்றுக்கே உள்ளடக்க வால் முளைக்கும். ‘ரிப்போர்ட்’ என்பதற்கு முளைக்கிறது. அதே மேசைமேல் அதே காகிதத்தில் கிடக்கும் ‘லெட்டர்’ என்பதற்கு முளைக்க மறுக்கிறது. வேலை போய்விட்டது என்று ஒருவருக்குக் கடிதம் வந்தால், ‘எ லெட்டர் சேயிங் தட்’ என்று ‘சேயிங்’கை ஜாமீனாக நிறுத்தினால்தான் மேற்கொண்டு பேசலாம். கடிதம் காகிதமாகவே எண்ணப்படுவதும், அறிக்கை காகிதத்தைக் கடந்துவிட்டதாக எண்ணப்படுவதும் ஆங்கிலேய அலுவலகங்களின் மனநிலையைக் காட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. அதற்கு மேல் ஆதாரம் கேட்பவர் தட்டியலுக்குப் பகைவர்.

நம் நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறைகள் மனப்பாடம் செய்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் உள்ளடக்க வாலை, பெயரோடு ‘அப்போசிஷ’னில் நிற்கும் பெயர்த்தொடர் என்று வகைப்படுத்துகிறது. அந்த ரென், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையணியைப் பற்றி ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவலை 1924இல் எழுதிய பி. சி. ரென்தான். பாலைவனக் கோட்டையில் பிணங்களைச் சுவரோரம் காவலுக்கு நிறுத்திவைத்த கற்பனைக்குச் சொந்தக்காரர், பெயருக்குப் பக்கத்தில் தொடரை நிறுத்திவைக்கும் வித்தையையும் நமக்குக் கற்பித்தார்.

இனி, இத்துறையின் மையச் சிக்கல். ‘தி ஃபேக்ட் தட் யூ ஃபர்காட் இஸ் இம்பார்ட்டன்ட்’ என்று ஒரு மனைவி தன் கணவரிடம் சொல்வதாகக் கொள்வோம். அடையாள வாலாகக் கொண்டால், அவர் மறந்துபோன அந்தத் தகவல் முக்கியமானது: கேஸ் பதிவு செய்யும் தேதியோ, மாமனார் வரும் ரயிலோ. உள்ளடக்க வாலாகக் கொண்டால், அவர் மறந்தார் என்பதே முக்கியமானது. முதற்பொருளில் கணவர் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். இரண்டாம் பொருளில் தேதி போய் பல காலமாகிவிட்டது; இப்போது விசாரணையில் இருப்பது அவருடைய குணம். ‘விச்’ சோதனை இங்கே கைகொடாது. ‘விச்’ போட்டாலும் வாக்கியம் நிற்கும், முதற்பொருளில் மட்டும். கணவர் ‘விச்’ போட்டுத் திருப்பிச் சொல்லித் தன் நிலையை உறுதிப்படுத்த முயன்றால் விளையக்கூடியவை இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

‘அற்றேல், தமிழில் இக்குழப்பம் இல்லையோ?’ எனின், உண்டு. ‘நீங்க மறந்த விஷயம்’ என்றாலும் இதே இரண்டு பொருள். பெயரெச்சமும் ‘தட்’டைப் போல இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறது. ஆனால் நம்மிடம் இன்னொரு வழி இருக்கிறது. ‘நீங்க மறந்துட்டீங்கங்கற விஷயம்’ என்றால் ஒரே பொருள். தப்ப இடமே இல்லை. இந்த ‘ங்கற’, அதாவது ‘என்ற’, முழு வாக்கியத்தின் பின் வருவது உள்ளடக்கம் இருந்தால் மட்டுமே. தொல்காப்பியர் இடையியலில் ‘என’ என்பதற்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்று ஆறு வேலைகளைத் தந்து, ‘என்று’ என்பதையும் அதனோடு சேர்த்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டு அனுபவமுள்ள அந்தக் குடும்பத்துச் சொல்தான் இன்று சமையலறையில் ‘ங்கற’ என்று சுருங்கி நின்று, கணவர்களைத் தப்பவிடாமல் காக்கிறது. திராவிட மொழிகளில் ‘ஹூ’, ‘விச்’ போன்ற இணைப்புப் பெயர்கள் இல்லை என்று கால்டுவெல் 1856இல் எழுதினார். உண்மைதான். அவை இல்லாமலேயே குற்றச்சாட்டைத் துல்லியமாக வைக்க முடிகிறது.

‘தட்’டின் பூர்வோத்திரம் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது சுட்டுப்பெயர். விரலை நீட்டி ‘அது’ என்று காட்டிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் விரலை மடக்கிக்கொண்டு தொடர்களை இணைக்கும் வேலைக்கு வந்துவிட்டது. இதைப் பொறாத ‘ஹூ’வும் ‘விச்’சும் 1711 மே மாதம் லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ ஏட்டின் 78ஆம் இதழில் ஒரு மனு கொடுத்தன. ‘தட்’ என்ற அற்பன் தங்கள் இடத்தை அபகரித்துவிட்டான் என்பது வழக்கு. மனுவை எழுதிக்கொடுத்தவர் ரிச்சர்ட் ஸ்டீல். இரண்டு இதழ் தள்ளி ‘தட்’டின் மறுப்பும் வந்தது, அதில் ‘தட்’டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்து வாசகரை மூச்சுமுட்ட வைத்தன. வரலாற்றின்படி மனுதாரர்களே பின்னால் வந்தவர்கள். ‘தட்’ பெயருக்கு வால் கட்டத் தொடங்கியபோது, ‘ஹூ’வும் ‘விச்’சும் பெரும்பாலும் கேள்வி கேட்டுக்கொண்டுதான் திரிந்தன. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர்மேல் கொடுத்த புகார் இது. நமக்குப் புதிதல்ல.

ஆங்கில வழக்கு அகராதிக்காரர் ஃபௌலர் 1926இல் சமரசம் பேசினார்: அடையாளத்துக்குத் ‘தட்’, கூடுதல் தகவலுக்கு ‘விச்’ என்று பாகம் பிரித்துக்கொள்ளலாமே? கேட்க நன்றாக இருந்தது. பெரும்பாலான எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்பதையும் அவரே அங்கேயே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் பேராசிரியர் ஸ்ட்ரங்க் இன்னும் கடுமை. ‘தி ஃபேக்ட் தட்’ எங்கே கண்டாலும் அடித்துவிடச் சொன்னார். அவருடைய சிறு நூலை 1959இல் புதுப்பித்த மாணவர் ஈ. பி. வைட், அந்தத் தொடரைத் தான் ஆயிரம் தடவை எழுதியிருக்கலாம், அடித்தது அதில் பாதிதான் தேறும் என்று முன்னுரையிலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். வாலை வெட்டச் சொன்ன புத்தகத்தின் வாசலிலேயே வால் தொங்குகிறது.

மற்ற இணைப்புகளைச் சுருக்கமாக முடிக்கலாம். ‘தி ப்ளேஸ் வேர்’, ‘தி டே வென்’, ‘தி ரீசன் ஒய்’ எல்லாம் சுமுகமாக நடக்கின்றன. ‘தி வே’யும் ‘ஹௌ’வும் மட்டும் இன்றைய ஆங்கிலத்தில் சேர்ந்து நிற்பதில்லை, இரண்டில் ஒன்றை அழைத்தால் மற்றது வராது. ‘தி ரீசன் இஸ் பிகாஸ்’ என்பதைக் கேட்டால் ஆங்கில ஆசிரியர்கள் காரணத்துக்கே காரணமா என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்த ‘பிகாஸ்’ பின்னாளில் வாக்கியமே வேண்டாம், ஒரு பெயர் போதும் என்று ‘பிகாஸ் சயின்ஸ்’ பாணியில் இறங்கியது. அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் அதை 2013ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. வாலை உதிர்த்ததற்காகப் பரிசு பெற்ற முதல் இணைப்புச்சொல் அதுவாகவே இருக்க வேண்டும்.

தட்டியலுக்கு மிகச் சங்கடம் தருவது ‘தட்’ வராத இடம். ‘தி மேன் ஐ ஸா’ என்றால் நான் பார்த்த மனிதர். நடுவில் யாரும் இல்லை. டென்மார்க்கின் மொழியியலாளர் யெஸ்பர்சன் இதற்குத் ‘தொடுதொடர்’ என்ற பொருளில் பெயரிட்டார். இங்கே எதுவும் தொகவில்லை, பெயரும் வாலும் நேரடியாக ஒட்டிக்கொண்டன என்பது அவர் கட்சி. ஆனால் நேற்று வந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது ‘தட்’டை விட்டால் ‘தி மேன் கேம் யெஸ்டர்டே’ என்று ஆகும். வால் உடலாகி, மனிதர் வந்து போயும் விடுவார். அவரைப் பற்றி நாம் சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும்.

பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் பாக்கி. ‘தேர் இஸ் நோ கொஸ்சன்’ என்பதற்குப் பிறகு ‘தட் ஹி வில் ரிசைன்’ என்று வந்தால், அவர் ராஜினாமா செய்யப்போவதில் சந்தேகமே இல்லை. ‘ஆஃப் ஹிஸ் ரிசைனிங்’ என்று வந்தால், அவர் ராஜினாமா செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே தலை, ஒட்டும் சொல்லைப் பொறுத்து ஆள் பதவியில் இருப்பார் அல்லது போவார். ஆகவே லண்டனில் ஒரு வங்கி மேலாளர் உங்கள் கடன் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ‘தேர் இஸ் நோ கொஸ்சன்’ என்பது வரை சொல்லிவிட்டு இருமத் தொடங்கினால், இருமல் தீரும்வரை முகத்தில் மகிழ்ச்சியையோ துக்கத்தையோ காட்டிவிடாதீர்கள். வேண்டுமானால் தண்ணீர் கொடுக்கலாம்.