சார்ஜ் நிற்காத வாடிக்கையாளர் எழுதுவது

மதிப்பிற்குரிய மடிக்கணினி நிறுவன வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

உங்கள் விளம்பரத்தில் '18 மணி நேரம் நீடிக்கும்' என்று போட்டிருந்தீர்கள். அது பொய் என்று சொல்ல மாட்டேன். அடியில் பொடி எழுத்தில் விளக்கமும் இருந்தது: வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து, கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த கணக்காம். அப்படி ஒரு பிழைப்பு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்த்தது அலுவலக வேலை.

புகார் கொடுத்ததும் ஆலோசனைகள் வந்தன. திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். புளூடூத்தை அணையுங்கள். பிரவுசரில் டேப்களை மூடுங்கள். பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்துங்கள். (அவற்றில் பாதி நீங்களே ஏற்றி அனுப்பியவை.) கடைசியாக, வேலை இல்லாதபோது ஷட்டவுன் செய்யுங்கள். செய்து பார்த்தேன். அணைத்து வைத்த கணினியில் சார்ஜ் பிரமாதமாக நிற்கிறது.

பிறகு விண்டோஸிடமே பேட்டரி அறிக்கை கேட்டேன். கட்டளைத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒளிவுமறைவின்றிக் கொடுத்துவிடுகிறது. புதிதில் இருந்த கொள்ளளவு ஒரு வரி. இப்போது முழுதாக ஏற்றினால் பிடிப்பது இன்னொரு வரி. இரண்டாவது, முதலாவதில் பாதிதான். இதற்கு எந்த டேப்பை மூடுவது? லித்தியம் அயனி பேட்டரி சூட்டில் தேயும், எந்நேரமும் 100 சதவீதத்திலேயே வைத்திருந்தாலும் தேயும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதியை உங்கள் மென்பொருளிலேயே வைத்திருக்கிறீர்கள். ஆனால் மெனுவுக்குள் மெனுவாக, அணைத்த நிலையில். ஆலோசனைப் பட்டியலில் மட்டும் அது இல்லை.

சரி, மாற்றிவிடலாம் என்றால், முன்பு அடிப்பக்கத் தாழைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது அடிமூடியையே கழற்ற வேண்டும். கணினிக்கு 3 ஆண்டு வாரன்ட்டி, பேட்டரிக்கு மட்டும் ஓராண்டு. உங்கள் தொலைநோக்கை மெச்சுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது: 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் இத்தகைய கருவிகளின் பேட்டரியை, வாங்கியவரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். அங்கே விற்பதற்காக எப்படியும் அதைக் கற்றுக்கொள்வீர்கள். கற்றதை இந்தப் பக்கமும் கொஞ்சம் அனுப்பலாம்.

புது பேட்டரியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். 'அந்த மாடல் நின்றுவிட்டது, ஸ்டாக் இல்லை' என்று பதில். ஒரே ஒரு விண்ணப்பம்: இனி விற்கும் கணினிகளுக்கு, மாடல் நிற்கப்போகும் தேதியையும் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பிளக் பாயின்ட் அருகே குடியிருக்கும் வாடிக்கையாளர்